ஏலக்காய் அறைக்குள் வந்த கடல்

கடலைக் கண்ணால் பார்க்காமலேயே கடலோர ஓட்டலுக்குப் படம் போட்டுக் கொடுத்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நாற்றம் இருபது வருஷம் ஆகியும் என் மூக்கை விட்டுப் போகவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. போடியில் கடைகளுக்குப் போர்டு எழுதுவதும் திருவிழா நாடகங்களுக்குத் திரை வரைவதும் என் பிழைப்பு. என் திரைகளில் கடலும் உண்டு. அலைகள் எல்லாம் ஒரே அளவில், உழுது போட்ட காடு மாதிரி வரிசையாக நிற்கும். பக்கத்து ஊரான சிலமலையில் நாடகம் பார்க்க வந்த, ஏர் பிடிக்கிற ஒரு சம்சாரி, "என்ன வெதைக்கப் போறாங்க?" என்று கேட்டார். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா வீட்டுக்காரருக்கு ஓட்டல் ஆசை பிடித்தது. மச்சான் கப்பலேறிக் கொழும்புக்குப் போய் வந்தவர். அங்கே கடற்கரையில் துரைமார் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலைப் பார்த்துவிட்டார். திரும்புகிற வழியில் பாம்பன் தீவில் கடலோரமாக ஓர் இடத்தைப் பேசி முடித்தார். தங்க நாலைந்து அறைகள், நடுவில் பெரிய சாப்பாட்டுக் கூடம். சுத்த சைவம்.

"மாப்ளே, உள்ள வந்து உக்காந்தா தீவுல உக்காந்திருக்கோம்னு தோணணும்" என்றார்.

"தீவுலதான மச்சான் உக்காந்திருப்பாங்க?"

"இருந்தாலும் அது அவங்களுக்குத் தெரியணும்ல?"

பதினைந்து நாள் உட்கார்ந்து படம் போட்டேன். கூரைக்கு அடியில் மீன் வலை. சங்குக்குள் விளக்கு. படகு மாதிரி மேசை. வெளியே நிஜத் தென்னை நூறு நிற்க, உள்ளே சிமெண்டில் எட்டுத் தென்னை. பரிமாறுகிறவர்களுக்குப் படகோட்டி வேஷம். நாலு சுவரிலும் இடம் விடாமல் கலர் கலராகச் சிப்பி. அந்தத் தாள்கள் இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. எடுத்துப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது.

மச்சான் மயங்கிப் போனார். ஆனாலும் உஷாரான ஆள். "ஒரு செவுத்தை மட்டும் இங்கனயே செஞ்சு காட்டு. பாத்துட்டு மத்ததப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, பத்திர வேலையாகத் தீவுக்குக் கிளம்பிப் போனார்.

அந்தத் தீவில் சிப்பி விற்கிற ஒருவருக்கு எழுதினேன். மாதிரிக்கு ஒரு பொட்டலம் வந்தது. எல்லாம் எலும்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. கழுவிக் காயவைத்தே கலரைக் கொன்றுவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். 'கழுவ வேண்டாம், காயவைக்க வேண்டாம், கடலில் இருந்து எடுத்த கையோடு மூட்டை கட்டி அனுப்பவும்' என்று எழுதினேன். அவர் மரியாதையாக, 'ஐயா யோசித்துத்தான் எழுதினீர்களா?' என்று கேட்டு ஒரு கார்டு போட்டார். 'கலை விஷயத்தில் தலையிட வேண்டாம்' என்று பதில் போட்டேன். சிப்பி என்பது கூழாங்கல் மாதிரி, கடல் செய்து போடுகிற சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் ஓர் உயிர் குடியிருக்கும் என்று மலையடிவாரத்தில் எவன் எனக்குச் சொன்னான்?

மதுரை வழியாக ரயிலில் ஆறு மூட்டைகள் வந்து இறங்கின. ஸ்டேஷனில் இருந்து ஏற்றி வந்த வண்டிக்காரர், "அண்ணே, மூட்டை ஒழுகுதே?" என்றார்.

"கடல் தண்ணியப்பா."

"மினுமினுன்னு நூலு மாதிரி வருதுண்ணே."

"கடல் தண்ணி அப்பிடித்தான்" என்று, கடலிலேயே பிறந்தவன் மாதிரி சொன்னேன்.

வெயில் பட்டால் சிப்பியின் கலர் போய்விடும். இருட்டான அறை வேண்டும். போடியில் எனக்குத் தெரிந்த நல்ல இருட்டு, அக்காவின் ஏலக்காய் அறைதான்.

அக்காவுக்கு அப்பா எழுதி வைத்த ஏலத்தோட்டம் ஒரு துண்டு மேலே மலையில் இருக்கிறது. அதன் காயை அவளே விற்பாள். மச்சான் கை வைக்க மாட்டார். அந்த வருஷம் ஒன்பது மூட்டை. மூத்த மகளை மதுரையில் காலேஜில் சேர்த்து ஹாஸ்டலில் விட வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்றார் மச்சான். "என் காயி, என் மக. நீங்க பேசாதீங்க" என்று முடித்துவிட்டாள். வைகாசியில் வியாபாரி வந்து பார்ப்பதாகப் பேச்சு.

ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் குடித்துவிடும். அந்த அறைப் பக்கம் மண்ணெண்ணெய் விளக்குப் போகக் கூடாது, வெங்காயம் போகக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்தவன்கூட வாசலோடு நிற்க வேண்டும். அப்பேர்ப்பட்ட அறையைத்தான் கேட்டேன்.

"சிப்பியில வாடை வருமாடா?"

"கல்லுல என்னக்கா வாடை? ரெண்டே நாளு."

"நெசமாத்தான?"

"ஆத்தா மேல சத்தியம்."

ஆத்தாவுக்கு அதில் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. மூட்டைகளை உள்ளே தள்ளி, தேக்குக் கதவைச் சாத்திப் பூட்டினேன். மறுநாள் விடியற்காலையில் நாற்காலிக்குப் பிரம்பு பார்க்க ஜீப்பில் மலைக்குப் போனேன். போன அன்றே கோடை மழை பிடித்துக்கொண்டது. வழியில் மரம் விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. ஏழு நாள் தோட்டத்துக் கொட்டகையில் அட்டைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு அலை வரைந்தேன். முன்பைவிட நன்றாக வருகிறது என்று சந்தோஷம் வேறு. அரைஞாண் கயிற்றில் என்னமோ குத்திக்கொண்டே இருந்தது. அது அந்தப் பூட்டின் சாவி என்று ஏழு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

எட்டாம் நாள் இறங்கி வந்தேன். தெரு முனையிலேயே ஆட்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். "யாரு வீட்லய்யா மாடு செத்துக் கெடக்கு?" என்று நானும் அவர்களோடு சேர்ந்து கேட்டேன். பூட்டை உடைக்க ஒருவனும் கிட்டே வராமல் அக்கா நடுத்தெருவில் நின்றிருந்தாள்.

"சாவி எங்கடா?"

இடுப்பைத் தடவினேன். இருந்தது.

கதவைத் திறந்ததும் சூடாக ஒன்று வந்து முகத்தில் அறைந்தது. அதை வாடை என்று சொல்ல முடியாது. அதற்குக் கையும் காலும் இருந்தன. மூட்டைகள் கறுத்து உப்பியிருந்தன. அடியில் குழம்பு மாதிரி ஓடி, ஓரத்து ஏலக்காய் மூட்டைகளை நனைத்திருந்தது. அதன்மேல் வெள்ளைப் புழு, அரிசி கொட்டிய மாதிரி. தலையை நீட்டிக்கொண்டே செத்த நத்தைகள் சுவர் எல்லாம் ஒட்டியிருந்தன. ஏலக்காய் மூட்டை மேல் ஒரு சங்கு தானாக நடந்து போயிற்று.

"சங்கு நடக்குதுடா!" என்று அக்கா அலறினாள்.

உள்ளே ஒரு நண்டு குடியிருந்தது. அந்த அறையில் தெம்பாக இருந்த ஒரே ஜீவன் அதுதான். நான் ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் உட்கார்ந்து, குடல் வெளியே வருகிறவரைக்கும் வாந்தி எடுத்தேன்.

நனைந்த இரண்டு ஏலக்காய் மூட்டைகளையும் என் ஆறு மூட்டைக் கலையையும் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தோம். தோண்டியது நான்தான், வேறு யாரும் கிட்டே வரவில்லை. மீதி ஏழு மூட்டைகளை அக்காவும் மகளும் நிழலில் விரித்து மூன்று நாள் காற்றாட விட்டார்கள். பார்க்க மரகதம் மாதிரி இருந்தது. நாலாம் நாள் வியாபாரி வந்தார். ஒரு கை அள்ளி மூக்கில் வைத்தார். ஒரு காயைக் கடித்தார். துப்பினார்.

"தாயி, இது எந்த மலைக் காயி? மீன் வெளையிற மலையா?"

கையைக் கழுவச் செம்பில் தண்ணீர் கேட்டார். சீயக்காயும் கேட்டார். அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போனபிறகு மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தூணோடு தூணாக நின்றேன். அக்கா என்னைத் தாண்டிப் போய், விரித்த காயை மறுபடி மூட்டையில் அள்ளினாள்.

அன்று மாலை மச்சான் ஊர் திரும்பினார். மூக்கைப் பிடித்தபடி நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். அக்கா நிதானமாகச் சொன்னாள்:

"இந்தக் காயோட வாடை தெரியாத ஊரு ஒண்ணு இருக்கு. ஊரே மீன் வாடை, உங்க ஓட்டலு வரப்போற ஊரு. ஏழு மூட்டையவும் நீங்களே எடுத்துக்கங்க. வியாபாரி குடுக்க இருந்தத நீங்க குடுங்க. திங்கக்கிழம நான் புள்ளையக் கூட்டிட்டு மதுரைக்குப் போகணும்."

"ஏத்தா, சைவ ஓட்டல்ல போயி இதயா..."

"செத்தத செவுத்துல ஒட்டி, அதுக்கு நடுவுல சோறு போட இருந்தீங்கள்ல, அப்ப எங்க போச்சு சைவம்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பேரம் படிந்தது.

என் படத்தில் அக்கா ஒவ்வொன்றாகக் கை வைத்தாள். வலை போயிற்று, சங்கு விளக்கு போயிற்று, சிமெண்டுத் தென்னையும் படகோட்டி வேஷமும் போயின. மிஞ்சியது ஓலைக் கூரை, இடுப்பளவுச் சுவர், காற்றடிக்கும் பக்கம் மட்டும் சோற்றில் மணல் விழாமல் ஓர் உயரச் சுவர், குடிக்க நல்ல தண்ணீர் வைக்க நாலு பானை. அடுத்த தையில் அப்படியே கட்டினார்கள்.

திறப்பு விழாவுக்குப் போய்த்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். ஓர் அலைகூட நான் வரைந்த மாதிரி இல்லை. இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் அது பாட்டுக்குக் கிடந்தது. உட்கார்ந்தவர்களுக்குத் தீவில் இருப்பது நன்றாகவே தெரிந்தது. "எல்லாம் மாப்ளே போட்ட படம்" என்று மச்சான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

கடைசியில் பால் பாயசம் வந்தது. அந்த ஏழு மூட்டைக் காயைத் தோல் உரித்து, உள்ளே இருக்கிற ஏல அரிசியை மட்டும் பொடித்துத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். "ஆகா, ஏலக்காய் வாசனை என்னமா தூக்குது!" என்று எங்கள் பந்தியில் ஒருவர் இரண்டாவது டம்ளர் கேட்டார். எனக்குத் தொண்டையில் நத்தை ஏறியது. டம்ளருக்குள் வெள்ளையாக மிதந்த ஜவ்வரிசி ஒவ்வொன்றும் நெளிகிற மாதிரி இருந்தது.

எதிரே அக்கா. பக்கத்தில் காலேஜ் லீவுக்கு வந்த மகள்.

"குடிடா" என்றாள் அக்கா.

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்குக்கா."

"இவனுக்கு இன்னொண்ணு ஊத்துங்கப்பா" என்றாள்.