யோசனைக்கு என்ன நிறம்

என் அக்காவுக்குச் சீனி வருத்தம். எனக்கு இல்லை. இதில் நியாயம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டைப்பையில் ஒரு துண்டு தொதல் இனிப்பு ஏறாமல் நான் காத்தான்குடியைத் தாண்டி வந்ததில்லை. அவளோ வெறும் தேநீரை, சீனி இல்லாமல், முகம் சுளிக்காமல் குடிக்கிறவள். அப்படியிருந்தும் மாதா மாதம் கிளினிக்கில் அவளுடைய இரத்தத்தில் சீனி ஏறித்தான் நிற்கும்.

கிளினிக் டொக்டர் இளம் ஆள், நல்ல மனிதர், வேறு ஊரில் வளர்ந்தவர். ஒரு நாள் அறிக்கையைப் பார்த்துவிட்டு, மெல்லச் சிரித்தபடி சொன்னார்: “அம்மா, களவாச் சாப்பிடாம இவ்வளவு ஏறாது.”

அயல் வளவு மாங்காய் தன் பக்கம் விழுந்தால் வேலிக்கு மேலால் திருப்பி எறிகிறவள் என் அக்கா. அவளைப் பார்த்துக் களவு என்றால் எப்படியிருக்கும். “தின்னல்ல டொக்டர், எல்லாம் யோசனைதான்” என்றாள். யோசிப்பது மூளைக்கு நல்லதுதானே என்றார் அவர். தமிழை வைத்துப் பிழைக்கிற நான் பக்கத்துக் கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் படித்த தமிழில் யோசனை என்றால் சிந்தனை. எங்களுக்கு அது நெஞ்சுக்குள் இறங்கி, எழும்பிப் போக மறுத்துக் குந்தியிருக்கிற கவலை. ஒரு ஆளைத் தேற்ற நாங்கள் ‘யோசிக்காதீங்க’ என்றுதான் சொல்வோம். சிந்தனையாளர்களுக்கு எதிரான ஊர் என்று அந்நியர் நினைக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்து வாசல் படலையைத் திறக்கும்போது அக்கா, “களவாம்” என்றாள்.

அவளுடைய யோசனை என்னவென்று சொல்ல வேண்டும். அத்தான் காலமான பிறகு வாவியோரத்து வட்டையில் உள்ள வயலை அவள்தான் செய்கிறாள். மாரி பிறந்து மழை இறுகினால் வாவி ஏறும். மணல் மூடிய ஆத்துவாயை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டால் பயிர் தப்பும். எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரர் ஒரு கதை, மீன்பிடிக்காரர் ஒரு கதை, அரசாங்கக் கந்தோரில் இன்னொரு கதை. அதுவரை அவள் கூரையில் விழும் மழையைக் கேட்டபடி கிடப்பாள். சண்டையையும் சுனாமியையும் அழுது கடந்தவள் அவள். அவை வந்தன, போயின. இந்த யோசனைக்குப் போகிற பழக்கம் இல்லை. மழை விட்டால் வறட்சி, வறட்சி விட்டால் வயலுக்குள் இறங்கும் யானை.

இப்படியிருக்கையில் எங்கள் ஊர்ப் பொது மண்டபத்துக்கு ஓர் ஆய்வு வந்தது. நெடுங்கால மன அழுத்தம் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கப் போகிறார்களாம். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், வெறுவயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும், முடிவில் மீன் பணிஸ் தருவார்கள். அக்கா போனாள், களவு எடுக்கவில்லை என்று இரத்தத்தைச் சாட்சி சொல்ல வைக்க. நான் போனது பணிஸுக்காக.

நடத்த வந்தவள் செங்கலடிப் பக்கத்துப் பெண், ஆய்வு மாணவி. சுத்தமாக விளங்கப்படுத்தினாள். பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகும். அதற்கு ஒரு சுரப்பு, ஈரலில் இருந்து சீனியை இரத்தத்துக்கு எடுத்துவிடும். ஓடி முடித்தால் எல்லாம் அடங்கும். ஆனால் ஓடவும் இல்லாமல், பயம் போகவும் இல்லாமல் வருடக்கணக்காக இருந்தால் சீனி அடங்காமல் நிற்கலாம். எரிபொருள் எரிகிற இடத்தில் புகை வருவது போல, உடம்புக் கலங்களுக்குள் ஒட்சியேற்றச் சேதமும் கூடலாம். பள்ளிக்கூடத்து இரசாயனம் ஞாபகம் வந்து, இரும்பு துருப்பிடிப்பதும் அந்த ஒட்சியேற்றம்தான் என்று நான் சபைக்கு அறிவித்தேன்.

“அப்ப கறள்” என்றாள் அக்கா. வாவிக்காற்றுப் பட்டு அவளுடைய தண்ணீர்ப் பம்பி கறள் பிடித்துக் கிடந்தது. “உள்ளுக்கயும் பிடிக்குமா, புள்ள?”

“அதைத்தான் பாக்கிறம், அம்மா.”

அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. தன் கட்சிக்கு வக்கீல் கிடைத்துவிட்டது.

பிறகு கேள்விகள். அவை வெகு தூரத்தில், மிகவும் சுத்தமான தமிழில் தயாரானவை. ‘கடந்த மாதத்தில் மன அழுத்தத்தை உணர்ந்தீர்களா?’ அக்கா இல்லை என்றாள். மன அழுத்தம் என்றால் எங்கள் பக்கத்தில் தலை பிழைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற காரியம். இருக்கிறது என்று யார் சபையில் சொல்வார்கள்? ‘உளவியல் நெருக்கீட்டுக்கு ஆளானீர்களா?’ இல்லை. வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் இல்லை, இல்லை என்றே போனார்கள்.

என் முறை வந்தது. எனக்குச் சொல் தெரியுமே. உலகத்து நாவல்களை எல்லாம் படித்து, நவீன மனிதனின் நெருக்கீடுகளைப் பற்றிக் கூட்டங்களில் பேசியவன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன், இரண்டு கேள்விகளுக்குக் கூடுதல் விளக்கமும் கொடுத்தேன்.

இரத்தம் எடுத்ததும் அக்காவின் குழாயில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள், என்னுடையதில் சிவப்பு. நான் சும்மா இருந்திருக்கலாம். ஏன் நிறம் வேறு என்று கேட்டேன். சிவப்பு அழுத்தம் உள்ளவர்கள், பச்சை அழுத்தம் இல்லாதவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க நிம்மதியான ஆட்களும் வேண்டும்தானே என்றாள் அந்தப் பெண்.

அக்கா பணிஸைக் கீழே வைத்தாள்.

“ஆர் நிம்மதியான ஆள்?”

“நீங்கதான் அம்மா. இல்லை எண்டு சொன்னீங்களே.”

“இவன் அழுத்தம் உள்ள ஆளா? பத்து மணிக்கு எழும்பி, பொண்டாட்டி வைக்கிற சோத்தைத் தின்டுபோட்டுக் கதை எழுதிற இவனா?”

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி இருக்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. எழும்பி மேசைக்குப் போய்க் கையை நீட்டினாள்.

“அப்ப என்ட இரத்தத்தைத் திருப்பித் தா, புள்ள.”

அந்தப் பெண் திகைத்தாள். எழுதினபடிதான் வாசிக்க வேண்டும், சொல்லை மாற்றத் தனக்கு அனுமதி இல்லை என்றாள். அக்கா குரலை உயர்த்தவில்லை.

“நீ இந்தப் பக்கத்துப் புள்ளதானே. உன்ட அம்மா, அம்மம்மா, ஆர் எண்டாலும், மன அழுத்தம் எண்டா சொல்லுவா? யோசனை எண்டு கேள். நித்திரை வருதா, நெஞ்சு அடிக்குதா எண்டு கேள். மறுகா நான் சொல்லுறன் என்ன நிறம் எண்டு. நிம்மதியான ஆள் எண்டு எழுதி என்ட இரத்தத்தைக் கொண்டு போகாத. அது பொய்ச் சாட்சி.”

பின்னால் இருந்தவர்களும் எழும்பினார்கள். தங்கள் இரத்தமும் வேண்டும் என்றார்கள். யாரும் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம் என்று காலையில் அந்தப் பெண்ணேதான் வாசித்துக் காட்டியிருந்தாள். அவள் தொலைபேசியோடு வாசலுக்குப் போய்த் தன் பேராசிரியரோடு நெடுநேரம் கதைத்தாள். திரும்பி வந்து கதிரையை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டாள். பழைய பதிலை அழிக்காமல், ஊர்ச் சொல்லிலும் கேட்டு இரண்டையும் பதியலாமாம்.

“யோசனை இருக்கா, அம்மா?”

“அது இல்லாம ஒரு நாளும் விடியல்ல” என்றாள் அக்கா. மழை, ஆத்துவாய், யானை, அந்த டொக்டர் சொன்ன களவு என்று எல்லாம் வந்தது. பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். மண்டபத்தில் பச்சைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின. மறுபடி என் முறை வந்தபோது யோசனை இருக்கா என்று என்னிடமும் கேட்டாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றேன். அன்று சிவப்பிலிருந்து பச்சைக்கு இறங்கிய ஒரே ஆள் நான்தான்.

தனித்தனி ஆளுக்கு முடிவு சொல்ல மாட்டார்கள் என்றும், ஒரு ஆளின் சீனிக்கு இதுதான் காரணம் என்று இந்த இரத்தம் காட்டாது என்றும் அந்தப் பெண் நேர்மையாகச் சொல்லித்தான் அனுப்பினாள். ஆகவே அடுத்த கிளினிக்குக்கு அக்கா கையில் சாட்சி எதுவும் இல்லாமல் போனாள். சீனி வழமைபோல் ஏறியிருந்தது. வெளியே மழை. டொக்டர் வழமைபோல் சோற்றைக் குறைக்கச் சொன்னார்.

“சோத்தைக் குறைக்கிறன், டொக்டர். குளிசையும் போடுறன். களவு எண்டு மட்டும் இனிச் சொல்லாதீங்க. வாவி ஏறி வயல் மூழ்கப் பாக்குது. நான் சோத்தைக் குறைச்சா ஆத்துவாய் வெட்டுப்படுமா?”

அடுத்த ஆளைக் கூப்பிடக் கையைத் தூக்கியவர் கையை இறக்கினார். அவளைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார்.

“இப்படி மழை பெய்தா நித்திரை கொள்றீங்களா, அம்மா?”

‘சாப்பிட்டீங்களா’ என்பதைத் தவிர அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அக்கா கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. “இல்லை” என்று தொடங்கினாள். அவள் இப்போதைக்கு எழும்ப மாட்டாள் என்று விளங்கியதும் நான் விறாந்தைக்குப் போய்ச் சட்டைப்பையில் இருந்த தொதலை எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் களவாகத் தின்கிற ஆள் யார் என்பதை அந்த டொக்டர் ஒரு நாளும் கேட்கவில்லை.