வரிசையின் கடைசியில் ஜெசிந்தா அக்கா

செய்தி வந்தபோது நான் டொரண்டோவுக்கு வெளியே, விட்பியில், ஒரு புதுக் கட்டடத்தின் லிஃப்ற் குழிக்குள் நின்றேன். அங்கே சிக்னல் இல்லை. மேலே ஏறி வந்ததும் கைபேசி விடாமல் அதிர்ந்தது. எங்கள் சனிக்கிழமை நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் அன்ரன் அண்ணை ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். "ஜெசி போயிட்டா. விடியத்தான், நித்திரையிலை. ஒருத்தரும் ஓடி வராதேங்கோ. ஆறுதலா வாங்கோ." மனைவி இறந்த காலையில் ஒருவர் இப்படியா பேசுவார் என்று வெளியாட்கள் கேட்கலாம். அக்காவைத் தெரிந்த உங்களுக்கு அது விளங்கும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று அண்ணை கேட்டார். எனக்குப் புகழ்ந்து எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

டொரண்டோ சென் ஜேம்ஸ் ரவுணில் அக்காவும் அண்ணையும் குடியிருந்த கட்டடத்தில் எல்லா லிஃப்றும் ஒன்றாக நின்றுபோன ஒரு காலையில்தான் அக்காவை முதலில் கண்டேன். திருத்தப் போனவன் நான். கருவிப் பெட்டியோடு படியேறினால், மேலிருந்து ஒரு வரிசை இறங்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் பொல்லு ஊன்றிய ஒரு சோமாலிய முதியவர், படிக்குப் படி நின்று நின்று. அவருக்குப் பின்னால் பிள்ளையைத் தூக்கியபடி ஒரு பெண், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலைக்குப் பிந்திப்போனவர்கள். ஒருவரும் அந்த முதியவரை முந்தவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு தமிழ்ப் பெண்மணி.

"அக்கா, அந்த ஐயாவை ஒரு கரையிலை நிப்பாட்டினால் மற்ற ஆக்கள் கெதியா இறங்கலாமே" என்றேன்.

"கெதியா இறங்கினவை தங்கடை பாட்டிலை போயிடுவினம். பிறகு அவர் விழுந்தால் ஆர் பாக்கிறது? நீ போய் லிஃப்றைத் திருத்து தம்பி, மூச்சு வாங்குது உனக்கு."

மூச்சு வாங்கியது உண்மைதான். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைத் தன் நடைக் குழுவில் சேர்த்துவிட்டார்.

றூஜ் ஆற்றங்கரையில் அவரோடு நடந்தவர்களுக்கு அவருடைய ஒரே சட்டம் நினைவிருக்கும். மெல்ல நடப்பவர் முன்னால். அவரை யாரும் முந்தக்கூடாது. அக்கா எப்போதும் கடைசியில். எனக்கு இது பொறுக்கவில்லை. குழுவை இரண்டாகப் பிரிப்போம், வேகமானவர்கள் முன்னே போய்க் காத்திருக்கலாம் என்று படம் கீறிக் காட்டாத குறையாக விளக்கினேன்.

"முன்னுக்குப் போய் என்ன செய்யப் போறாய்? பார்க்கிங்கிலை நிண்டு எங்களுக்குக் கார்க் கதவு திறந்து விடப்போறியோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில் பார்க்கிங்கில் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். முழங்கால் சரியில்லாத அன்ரன் அண்ணை ஒருநாளும் நடக்க வந்ததில்லை. "நான் காருக்குக் காவல்" என்று பிளாஸ்கில் பிளேன் ரீயோடு உட்கார்ந்திருப்பார்.

அக்காவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பாதை வளையும் இடமெல்லாம் ஒரு கணம் நின்று பின்னால் பார்ப்பார். "ஆரைப் பாக்கிறியள்? நீங்கள்தானே கடைசி" என்று நான் கேட்டால், "சும்மா" என்பார்.

பிரான்சுக்குப் போவோம் என்று சொன்னவரும் அவர்தான். கனடாவுக்கு வரமுன் அக்கா பாரிஸில் சில வருடங்கள் இருந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் பாரிஸைக் கேட்கவில்லை. ஜெர்மன் எல்லையோரம், அல்சாஸ் பகுதியில், ஒரு சிற்றாற்றங்கரையும் காடும் வேண்டும் என்றார். அப்போது அவருடைய நுரையீரல் கெடத் தொடங்கியிருந்தது. "டொக்ரர் என்ன சொன்னவர்?" என்று நேராகவே கேட்டேன். "இந்த வசந்தம் போகலாமாம். அடுத்ததைப் பற்றி அவர் கதைக்கேல்லை" என்றார்.

போனோம். கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். எதிர்வீட்டுப் புகைபோக்கியில் நாரைக் கூடு. முதல் நாளே அன்ரன் அண்ணை டொரண்டோவிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரைச் சுவரில் செருகினார். அங்கே வோல்டேஜ் இரட்டிப்பு, செருகவேண்டாம் என்று நான் விமானத்திலேயே சொல்லியிருந்தேன். "செருகுற ஓட்டைக்குத்தான் அடாப்டர் வாங்கியாச்சே" என்றார். புகை வந்தது. மூன்று கோப்பை சம்பா அரிசி ஊறியபடி கிடந்தது. அந்தப் பயணம் முழுவதும் கடைப் பாணும், கையோடு கொண்டுபோன மாசிக் கருவாட்டுச் சம்பலும்தான். ஆற்றங்கரை வாங்குகளில் உட்கார்ந்து, நீளப் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டோம். அதைவிட நல்ல சாப்பாடு எனக்கு நினைவில் இல்லை.

நடக்கப் போகும்போது அண்ணை வீட்டுக்குக் காவல். நடை சுலபமானது. ஆறு முழங்கால் ஆழம்கூட இருக்காது, அடியில் சிவந்த மணல் தெரியும். பழைய ஆலைகள், பிறகு மெல்ல ஏறும் பீச் மரக்காடு, மரங்களில் வழிகாட்டப் பூசிய வர்ணக் குறிகள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். இரண்டாம் நாள் காட்டுக்குள் அக்கா பின்தங்கத் தொடங்கினார். பத்தடி நடப்பார், ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்வார். நாங்கள் நின்றோம்.

"அக்கா, இப்ப நீங்கள்தான் மெல்ல நடக்கிறியள். உங்கடை சட்டம்தானே, முன்னுக்கு வாங்கோ" என்றேன்.

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"எனக்குப் பின்னுக்கு ஒருத்தரும் நிக்கக்கூடாது தம்பி."

நான் விடவில்லை. மற்றவர்கள் என்னை முறைத்தார்கள். அக்கா விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தார். மூச்சு சீராகட்டும் என்று காத்திருந்தோம். பிறகு சொன்னார்.

"நான் ஜெர்மனியிலை இருந்து பிரான்சுக்குள்ளை களவா வந்தது உப்பிடி ஒரு காட்டாலை, இரவிலைதான். உதுதானோ தெரியாது. ஏஜென்ற் முன்னுக்கு. பெடியள் அவனுக்குப் பின்னாலை. எங்களோடை ஒரு அம்மா வந்தவ, கால் வீங்கி. நான் கொஞ்சத் தூரம் அவவின்ரை கையைப் பிடிச்சு நடந்தன். ஏஜென்ற் ஏசினான். 'நீ போ பிள்ளை, நான் வாறன்' எண்டா. நான் போனன். ஒரு வளைவிலை திரும்பிப் பாத்தன். ஆளைக் காணேல்லை." கையால் தண்ணீர்ப் போத்தலைத் துழாவினார். நான் திறந்து கொடுத்தேன். "பேர்கூடக் கேக்கேல்லை நான்."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "சரி. நீங்கள் முன்னுக்குப் போங்கோ. கடைசியிலை நான் வாறன். ஒருத்தரையும் விடமாட்டன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "நீயோ? ரெண்டு நிமிசம் பொறுக்கமாட்டாய்."

"இண்டைக்குப் பொறுக்கிறன்."

அக்கா எழுந்து முன்னால் போனார். வழிகாட்டிப் பலகை ஒரு மணி நேரம் என்று சொன்ன தூரத்துக்கு எங்களுக்கு அந்தக் காலை முழுதும் போனது. கடைசியில் ஆற்றைக் கடக்கும் ஒரு மரப்பாலம் வந்தது. அந்தப் பக்கம் ஜெர்மனி. காவலரண் இல்லை, முள்வேலி இல்லை. தாயும் மகளும் சைக்கிளில் கடந்து போனார்கள். அக்கா பாலத்தின் நடுவில் நின்று கம்பிக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, "பகலிலை வடிவான காடுதான்" என்றார். திரும்பும்போதும் அவர்தான் முன்னால். எந்த வளைவிலும் பின்னால் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை, நடப்பதா விடுவதா என்று குழுவில் நீண்ட விவாதம் ஓடியது. நான் "நடக்கிறம்" என்று மட்டும் போட்டேன். றூஜ் பார்க்கிங்கில் வழக்கம்போல் அன்ரன் அண்ணையின் கார் நின்றது. பிளாஸ்க் இல்லை. கதவைத் திறந்து, முழங்காலை ஒரு கையால் தூக்கி வெளியே வைத்து, இறங்கினார்.

"நான் பின்னாலை ஆறுதலா வாறன். நீங்கள் போங்கோ" என்றார்.

"அண்ணை, முன்னுக்கு வாங்கோ" என்றேன்.

காரைப் பூட்டினார். பிறகு வரிசையின் தலைப்பக்கம் போனார். முழங்காலை இழுத்து இழுத்து அவர் நடக்க, அத்தனை பேரும் அந்த வேகத்தில் பின்னால் போனோம். எனக்கு இன்னமும் எரிச்சல் வந்தது. அதை மறைக்கமாட்டேன். இரண்டு குழுவாகப் பிரிப்பதுதான் சரியான திட்டம் என்று இன்றைக்கும் சொல்வேன். அக்கா இருந்திருந்தால் கார்க் கதவைப் பற்றிக் கேட்டிருப்பார்.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கடைசி இடம். அதை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. ஆறு வலப்பக்கம் திரும்புகிற வளைவில் எல்லோரும் போகும்வரை நின்றேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். பாதை வெறுமையாக இருந்தது. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.