வாதுமைக் கிண்ணம்

தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட்டுக்காரர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்ப, இவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பார். வாய்க்குள் உறுத்தாதபடி ராவி ராவி மெலிதாக்குவதில் மனிதர் கெட்டிக்காரர். முன்யோசனையில் அந்த அளவுக்குப் போதாது. இல்லாவிட்டால், மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் கன்றாக நட்டு வளர்த்த வாதுமை மரத்தை வெட்டச் சொல்லியிருப்பாரா? வேர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்துவிட்டது என்னவோ உண்மைதான். அதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

திரும்பி வந்தவள் சண்டை போடவில்லை. சாப்பாடு வந்தது, காபி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. வெட்டியவர்கள் மரத்தை வண்டியேற்றிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு துண்டு. அதில் அவளுக்கு ஒரு கிண்ணம் கடைந்து தருவதாகச் சொன்னார். சரி என்றாள், அவ்வளவுதான்.

பொழுதுபோகாமல் வாங்கிப்போட்ட கடைசல் மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. பச்சை மரம் என்றால் முதலில் தடியாகக் கடைந்து காயவைக்க வேண்டும். காய்ந்து கோணிக்கொண்ட பிறகு மறுபடி கடைந்து வட்டமாக்க வேண்டும். இவருக்கும் அது தெரியும். ஆனால் உளியை வைத்ததும் ஈரச் சுருள்கள் நாடா நாடாவாகப் பறந்தன, மரத்தின் தண்ணீர் முகத்தில் தெறித்தது, மனிதர் சொக்கிப்போனார். பல்செட் ராவிய கை சும்மா இருக்குமா? மெலிதாக்கிக்கொண்டே போயிற்று. மெஷினை நிறுத்திப் பார்த்தால், மறுபடி கடைய அதில் சதையே இல்லை. காயும்போது விரிசல் விட்டால் போயிற்று, வேறு துண்டும் கிடையாது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஈரம் மெதுவாக இறங்கட்டும் என்று கிண்ணத்தை அதன் சுருள்களாலேயே மூடி, காகிதப் பையில் போட்டு அலமாரி மேல் வைத்தார். அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் ஸ்டூல் போட்டுத் திருட்டுத்தனமாக ஏறிப் பார்ப்பார். வட்டம் கோழிமுட்டை வடிவத்துக்குப் போயிற்று, விளிம்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியது. விரிசல் மட்டும் காணோம். நாளைக்கு வந்துவிடும் என்று தன்னையே பயமுறுத்திக்கொண்டு இறங்குவார்.

நாளைக்கும் வரவில்லை. கடைசியில் கிண்ணம் காய்ந்து இலேசாகி, சுண்டினால் கணீரென்றது. தடித்திருந்தால் முரண்டு பிடித்து விரிந்திருக்கும். மெலிந்து போனதால் வளைந்து கொடுத்துத் தப்பித்துவிட்டது. கால் தரையில் பாவாமல் கொண்டுபோய் மனைவி முன்னால் மேசையில் வைத்தார். கொஞ்சம் கோணல்தான் என்று இழுத்தார்.

அவள் பெருமூச்சு விட்டாள். "அப்பாடா, காஞ்சிருச்சா?"

அவர் விழித்தார்.

"நீங்க வேலையில உட்கார்ந்ததும் நானும் தினம் ஏறிப் பார்த்துட்டுதான் இருந்தேன். விரிஞ்சிருந்தா உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு பயந்துகிட்டே கெடந்தேன்."

"உன்ன ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டியிருக்கணும்," என்றார்.

"கேட்டிருந்தா நானே வெட்டச் சொல்லியிருப்பேன். அறிவிருக்கா உங்களுக்கு?"

வாயைத் திறந்து திட்டிவிட்டாள். பல்செட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.