ஓட்டைக் காலணாவின் வயது

காசில் அச்சடித்திருந்த ஆண்டை நீர் படிக்கவில்லை. விமான நிலையத்தில் என் கைப்பையைப் பிரித்துப் போட்ட சுங்க அதிகாரியே, உம்மைத்தான் சொல்கிறேன். நாலு எண்ணைப் படிக்கச் சோம்பல்பட்டு, எங்கள் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள் அரையில் கிடந்த காலணாவைப் பறித்து வைத்துக்கொண்டீர்.

என் மூத்த மகள் வளைகுடாவில் இருக்கிறாள். போன வருடம் அங்கே அவளுக்குப் பையன் பிறந்தான். வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. மருமகனுக்கு லீவு இல்லை. அதனால் நான் கிளம்பினேன்.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரையில் கறுப்புக் கயிறு கட்டுவோம். அந்தக் கயிற்றில் நடுவில் ஓட்டை உள்ள செம்புக் காலணாவைக் கோப்போம். யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட ஓட்டை, எங்களுக்குக் கயிறு கோக்க வசதியாகப் போயிற்று. எங்கள் வீட்டுக் காசு முதலில் என் அண்ணன் அரையில் கிடந்தது. பிறகு என் அரையில். பிறகு என் மூன்று பிள்ளைகள் அரையில். விளிம்பு தேய்ந்துவிட்டது. ஆனாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 1944 என்று தெரியும். எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்.

வளைகுடாவுக்கு ஒருத்தி போகிறாள் என்றால் எங்கள் ஊரில் அவள் மனுஷி இல்லை, பார்சல் வண்டி. வறுவல் தருவார்கள், ஊறுகாய் தருவார்கள். இந்த முறை மூன்று வீட்டில், அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்குக் காலணாவும் கேட்டார்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கடற்கரைப் பெண்ணும் கேட்டாள். "எக்கா, எம் மவ பிள்ளைக்கும் ஒண்ணு வாங்கிக் கொண்டு போங்க. எங்க மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

கோட்டாறில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். பின்கட்டில் உலை வைத்து உருளிப் பாத்திரம் வார்க்கிறான். வீடு வீடாக எடைக்கு வாங்கிய பழைய செம்புக் காசு ஒரு சாக்கு நிறையக் கிடந்தது.

"எத்தன வேணும்க்கா?"

"நாலு."

"நாலா? சாக்கோட கொண்டு போங்க. இல்லேன்னா நாளைக்கு உருளி ஆயிரும்."

"காச உருக்கினா பொலீசு பிடிக்காதாடே?"

"போன மாசம் ஒருத்தரு வந்தாரு. மவ கல்யாணத்துக்கு ரெண்டு உருளி எடுத்துக்கிட்டுப் போனாரு."

நானும்தான் சிரித்தேன். நாணயத்தை உருக்கக் கூடாது, உருக்குவதற்காகச் சேர்த்து வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வழக்கொழிந்த காசுக்கும் அது பொருந்துமா என்று ஊர் திரும்பிய பிறகு ஒரு வக்கீலைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். நூறு வருடம் தாண்டிய காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று இன்னொரு சட்டம். அதைச் சொல்லும்போது அவர் சொறியவில்லை. சட்டத்தை நான் ஏசவில்லை. சாக்கை விட்டுவிட்டுச் சிமிழைப் பிடிக்கிற ஆட்களைத்தான் ஏசுகிறேன்.

குங்குமச் சிமிழில் ஐந்து காசையும் கயிற்றையும் வைத்திருந்தேன். நீர் திறந்தீர்.

"இதென்ன?"

"பேரப்பிள்ளைக்கு அரையில கெட்டுக காசு, சார்."

"அஞ்சு இருக்கே. அஞ்சு பேரனா?"

"ஒண்ணு எனக்க பேரனுக்கு. மத்தது ஊர்க்காரங்க வாங்கச் சொன்னது."

"செம்பைக் கொண்டுபோய் அங்க உருக்கப் போறீங்களோ?"

"அஞ்சையும் உருக்கினா ஒரு கரண்டிக் காம்புக்குக் காணாது சார்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். உமக்கு முகம் கறுத்தது. அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். தோவாளைச் சந்தையில் முப்பது வருடம் பூ விற்றவள் நான். நேற்றுப் பறித்த பிச்சியை இப்போதுதான் பறித்தது என்று சொல்லி விற்ற வாய் இது. பூ என்றால் வயதைக் குறைப்போம். காசு என்றதும் கூட்டிவிட்டேன்.

"லேசுப்பட்ட காசு இல்ல சார். நூத்தம்பது வருசத்துக் காசாக்கும்!"

"நூறு வருஷத்துக்கு மேலயா?"

"பின்னே!" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

நீர் பேனாவை எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "ஐயோ சார், அது பேச்சுக்குச் சொன்னது. காசுலயே வருசம் போட்டிருக்கு, பாருங்கோ" என்று கெஞ்சினேன். நீர் பார்க்கவில்லை. ஐந்தில் நாலு காசு புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. குருடனும் தடவிப் படிக்கலாம்.

"இப்ப மாத்திப் பேசாதீங்க. காசு வேணுமா, பிளைட் வேணுமா?"

தையல் போட்ட வயிற்றோடு மகள் அங்கே தனியாகக் கிடந்தாள். நான் பிளைட் ஏறினேன். கையில் ரசீது: 'பழங்காலச் செம்பு நாணயங்கள், ஐந்து.'

இருபத்தெட்டாம் நாள் பேரனுக்கு வெறும் கயிற்றைக் கட்டினேன். மகள் அழவில்லை. "அம்மா, ஒனக்கு வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருக்கலாம்.

திரும்பி வந்து இரண்டு முறை ரசீதோடு உம் அலுவலகத்துக்கு அலைந்தேன். இரண்டு முறையும் ஒரே பதில்: "ஆய்வுக்குப் போயிருக்கு." நாலு எண்ணை வாசிக்க என்ன ஆய்வு ஐயா? கோட்டாறுக்காரனிடம் போய்ப் புலம்பினேன். அந்தச் சாக்கு உருளியாகி விற்றும் போய்விட்டதாம். "வேற சாக்கு வந்திருக்கு, பொறுக்கிக்கிடுங்க. சவத்துக் காசுக்கா இவ்வளவு சங்கடம்?" என்றான். ஊராருக்கு நாலு பொறுக்கினேன். எங்களுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் காசு அந்தச் சாக்கில் இல்லை. உம்மிடம் இருக்கிறது.

என் இளைய மகளுக்குத் தை மாதம் பிரசவம். அந்தப் பிள்ளையின் இருபத்தெட்டுக்கு அது வீட்டில் இருக்க வேண்டும்.

நூற்றைம்பது வருடம் என்று நான் சொன்னது பொய். பூக்காரி பொய். இத்தனை பேர் படிக்க எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி உம் முறை. அந்தக் காசில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது? அதை நீர் படித்தீரா, இல்லையா? ஜன்னலுக்குப் பின்னால் இருந்து முணுமுணுக்க வேண்டாம். உம் பதவியையும் போட்டு, நாலு பேர் வாசிக்கிற பத்திரிகையில் எழுதிச் சொல்லும்.