கம்பமும் வெட்டுக்கிளியும்

வந்தவர்களிடமெல்லாம் "ஆடாம உக்காருங்க" என்று சொல்லியே பிழைத்தவர் அந்தச் சலூன்காரர். ஆனால் அவருக்குப் பிடித்த பாடகரோ மேடையில் ஒரு நொடி நிற்கமாட்டார்; துள்ளுவார், புரளுவார், கூட்டத்துக்குள் குதிப்பார். எதிர்க்கடைத் தையல்காரர் அவருடைய அக்காவின் கணவர். நாளெல்லாம் காலை ஆட்டி மிஷின் மிதிக்கும் அவர் உயிரை விடுவதோ, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்று பாடும் ஒருவருக்காக. தன்னிடம் இல்லாததைத்தான் மனிதன் ரசிக்கிறான் என்று சொல்லலாம். அந்த இருவரிடமும் சொன்னால் அடி விழும்.

அசையாத பாடகருக்குச் சலூன்காரர் வைத்த பெயர் கம்பம். பதிலுக்குத் தையல்காரர் வைத்தது வெட்டுக்கிளி. மத்தியானம் ஆள் ஓய்ந்ததும் தையல்காரர் சலூன் நாற்காலியில் வந்து சாய்வார். ஸ்பீக்கரில் கம்பத்தின் பாட்டு ஒன்று, வெட்டுக்கிளியின் பாட்டு ஒன்று. பிறகு சண்டை.

"கூட்டத்தை எழுப்பி விடணும் மாமா. அவன்தான் பாட்டுக்காரன்."

"எழுப்பறதுக்கு அலாரம் போதும் மாப்ளே. நிக்கறவனை உக்கார வைக்கணும். அதுக்குத்தான் குரல் வேணும்."

"உங்க ஆளு பாடறானா, பட்டனுக்குக் காஜா எடுக்கறானா? ஒரே இடத்துல நின்னு இழுக்கறான்!"

"உன் ஆளைப் பாத்தா பாதி சவரத்துல எழுந்து ஓடறவன் மாதிரி இருக்கு."

பல வருடங்களில் ஒருவரும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை. அக்கா இருவரையும் சேர்த்து ஒரே வார்த்தையில் திட்டுவாள். அது அச்சில் ஏறாது.

பிறகு தையல்காரருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள், கட்டியோடு குரலும் போயிற்று. நோய் உள்ளே பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் தனியே கூப்பிட்டுச் சொன்னது சலூன்காரரிடம் மட்டும். அக்காவிடம்கூடச் சொல்லாமல் அதை அவர் விழுங்கிவிட்டார்.

கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தையல்காரர் மறுபடி வந்த மத்தியானம், சலூன்காரர் கம்பத்தின் பாட்டையே வரிசையாகப் போட்டார். பேச முடியாதவரிடம் என்ன சண்டை? மனம் இளகிச் சொன்னார்: "நீங்க சொன்னதுதான் சரி மாமா. உங்க ஆளுதான் பாட்டுக்காரன்."

தையல்காரர் கண்ணாடியில் மைத்துனனையே பார்த்தார். எழுந்து போனார். அப்புறம் வரவில்லை.

அக்காதான் வந்தாள். "என்னடா சொல்லித் தொலைச்சே? சுவத்தைப் பாத்துப் படுத்துட்டாரு. ஒரு வாய் இறங்கல. டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாருன்னு கையைக் காட்டிக் காட்டிக் கேக்கறாரு. ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலியே."

அக்கா நம்பினாள். மாமா நம்பமாட்டார். அத்தனை வருடம் மல்லுக்கு நின்றவன் திடீரென்று ஒத்துக்கொண்டால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

சலூன்காரர் அன்றே சவரப் பெட்டியோடு மாமா வீட்டுக்குப் போனார். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தில் நுரை பூசி, போனில் கம்பத்தைப் பாட விட்டார்.

"உங்களுக்குக் குரல் போச்சேன்னு அன்னைக்குப் பாவம் பாத்துட்டேன் மாமா. வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டேன், சகிக்கல. பாட்டுல தூக்க மாத்திரை கலந்திருக்கான் உங்க ஆளு."

மாமாவின் முகம் அசையவில்லை. சலூன்காரர் விடாமல் வைதார். ஒரு கன்னம் முடிந்தது. பாட்டு அந்த நீண்ட இழுப்புக்கு வந்தது. குரல் இருந்த காலத்தில் மாமா விரலைத் தூக்கி, "இதோ, இதோ" என்று காத்திருக்கும் இடம். எதிரே மழித்த கன்னத்தில் எலும்பு தெரிந்தது. வைதுகொண்டிருந்தவர் பாதியிலேயே விட்டு, கத்தியைப் பிடித்தபடியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தையல்காரர் மெல்லத் தலையைத் திருப்பினார். மைத்துனன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பாதி நுரையோடிருந்த அந்த முகத்தில் பழைய திமிர் எட்டிப் பார்த்தது. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்திக் காட்டினார்: என் ஆளு உக்கார வச்சுட்டான், பாத்தியா?

தோற்றாயிற்று, இந்த முறை நிஜமாகவே. அதை மட்டும் சொல்லக்கூடாது.

"காலு வலிச்சுது மாமா," என்றார் சலூன்காரர். "நாளெல்லாம் நிக்கறவன். இதுக்கும் உங்க கம்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மாமாவின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின. சிரிப்போ இருமலோ, அது அடங்கும்வரை கத்தியை உயர்த்தியபடி காத்திருந்துவிட்டு, மறு கன்னத்தைத் தொடங்கினார்.