சங்கு உலோகம் அல்ல

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பணியாளர் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அங்கே செய்த ஒரு காரியத்தை எழுதிவிட வேண்டும்.

தையல் பிரிவில் யாரும் உலோகப் பொருள் அணியக்கூடாது என்பது வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் விதி. துண்டு எதுவும் உடைந்து ஷூவுக்குள் போய்விடக் கூடாதாம். நம் பெண்களின் தாலி உலோகம்தான். அதை வேலைக்குப் போடும் கோட்டுக்குள் விட்டுப் பட்டன் போட்டுக்கொள்ளச் சொன்னேன். கழற்றச் சொல்லியிருந்தால் மறுநாள் கேட்டில் ஊரே நின்றிருக்கும்.

ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் இரண்டு கையிலும் வெள்ளைச் சங்கு வளையல் போட்டிருந்தாள். அன்று வாடிக்கையாளர்களின் தணிக்கை. கழற்று, இல்லையென்றால் வேலை இல்லை என்றேன்.

“சார், இது சங்கு. இரும்பு இல்லே. புருஷன் இருக்கு, கழட்டக் கூடாது.”

பக்கத்து மெஷின்காரி திரும்பினாள். “இன்னா சார், எங்க தாலி கோட்டுக்குள்ள போவும், அவ வளையல் மட்டும் கோட்டுக் கைக்குள்ள போவாதா? டேப் சுத்திட்டா முடிஞ்சிது.”

“உன்னை யாரும்மா வக்கீலா வச்சது? வேலைய பாரு.”

பின்வரிசையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது.

சோப்பு போட்டும் வளையல் வரவில்லை. கல்யாணத்தில் போட்டது, கை பருத்திருந்தது. கடைசியில் அவளே மேசை விளிம்பில் கைகளை மோதிக்கொண்டாள்.

விதியை நான் நன்றாகப் படித்திருந்தேன். சங்கு உலோகம் அல்ல என்று அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அவளுக்காகக் கேட்டில் நிற்க யாரும் இல்லை. அதுவும் தெரியும்.

மறுநாள் காலை அவள் புருஷன் வந்தான். பக்கத்து டேனரியில், தோல் ஊறும் டிரம்மில் வேலை. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

“சார், உடைஞ்ச துண்டு குடுங்க. தண்ணில விடணும்.”

தோல் துணுக்குகளோடு சேர்த்துப் பின்பக்கம் கூட்டித் தள்ளியிருந்தார்கள். அழைத்துப் போய்க் காட்டினேன். குந்தி உட்கார்ந்து குவியலைக் கிளறி, வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் பொறுக்கிக் கைக்குட்டையில் வைத்தான். என் காலருகே ஒரு துண்டு கிடந்தது. நான் குனியவில்லை. ஷூ முனையால் அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

அதை எடுத்து, துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டான்.