குளியலறைக்கு எதிரே ஒரு மரணதேவி

காரியம் கெட்டுப்போன நாளில் "இன்னைக்கி யார் மூஞ்சில முழிச்சேனோ" என்று ஊரில் அலுத்துக்கொள்வோம். மெக்சிகோவுக்கு வந்தபின் எனக்கு அந்தச் சந்தேகமே இல்லை. தினமும் நான் விழிப்பது மரணதேவியின் முகத்தில். லியோன் நகரத்தில் நான் குடியிருக்கும் மாடிப் போர்ஷனில், குளியலறைக்கு நேர் எதிரே அவளை மாட்டியிருக்கிறார்கள். "ப்யூனோஸ் தியாஸ்" என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பல் துலக்கப் போவேன். ஆம்பூர்க்காரன் மரியாதை தெரிந்தவன் என்று அவளாவது நினைக்கட்டும்.

செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த மிகப் பழைய படம். கண்ணாடி போட்ட மரச்சட்டம். வரைந்த ஐரோப்பியர் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி போலிருக்கிறது. கிரேக்கச் சிலையின் தோள்களை இரவல் வாங்கி, அதன்மேல் சதையில்லாத தாடையைப் பொருத்திவிட்டார். கழுத்தில் மண்டையோட்டு மாலை, இடுப்பில் பாம்பு. காகிதம் ஆவாரம்பட்டையில் ஊறிய ஆட்டுத்தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆஸ்டெக் மக்களின் பாதாள ராணி, செத்தவர்களின் எலும்புகளுக்குக் காவல். பெயர் மிக்டெகாசிவாட்டில். அதை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது.

லியோன், மெக்சிகோவின் ஆம்பூர். இங்கே தோல் பதனிடும் வேலைக்குத்தான் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தோல் ஷாப்பு வாடை மூக்கைத் தொட்டது. முப்பது வருஷம் ஊரில் நான் திட்டித் தீர்த்த அதே வாடை, அழைத்துப்போக ஸ்டேஷனுக்கு வந்த மச்சான் மாதிரி நின்றது. எந்த நன்றியையும் தாமதமாகத்தான் உணர்கிற சாதி நான்.

வீட்டுக்காரம்மா தோன்யா லூப்பே கணவரை இழந்தவர். வந்த வாரமே படத்தை எடுத்துவிடும்படி அவரிடம் கேட்டேன். ஸ்பானிஷில் 'கித்தார்' என்றால் எடுப்பது, வாத்தியமில்லை. 'கெதார்' என்றால் இருப்பது. என் வாயில் கெதார் வந்தது. "இந்த அம்மாள் இங்கேயே இருக்கட்டும், தயவுசெய்து" என்று கெஞ்சியிருக்கிறேன். அவர் கண் கலங்கி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் ஞாயிற்றுச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய படமாம். எனக்கு முன் குடியிருந்த அத்தனை பேரும் எடுக்கச் சொன்னவர்களாம். மறுநாள் கண்ணாடியைத் துடைத்து, மேலே ஒரு சின்ன பல்பும் போட்டுவிட்டார். உச்சரிப்புப் பிழையால் நல்ல பெயர் வாங்கியவன் இந்தக் கண்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மனைவி வசந்தா சத்துவாச்சாரியில் இருந்தாள். விசா பேச்சை எடுத்தால் நான்கு வருஷமாக ஒரே பதில். "அங்க வந்து நான் இன்னா பண்றது? பேச ஆளில்ல, கும்பிட கோயிலில்ல." பையன் வேலைக்குப் போன பிறகும் அதே பதில்தான். நானே ரசம் வைத்து, நானே குறை சொல்லி, நானே சாப்பிட்டு அலுத்துவிட்டது. இந்த வருஷமும் அவள் வராவிட்டால் வேலையை விட்டு ஊர் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு காலை, அங்கே சாயங்காலம், வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். வழக்கமான நாற்காலியை விட்டு அன்றைக்கு நான் குளியலறைப் பக்கம் நின்றிருந்தேன்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க. மறைக்கிறீங்க."

தள்ளினேன்.

"அங்காளம்மன் எப்போ அங்க வந்தா?"

வசந்தாவின் பிறந்த வீட்டுக்கு அங்காளம்மன்தான் குலதெய்வம். மாசி அமாவாசையில் பாலாற்றங்கரைச் சுடுகாட்டில் மயானக்கொள்ளை நடக்கும். அம்மன் வேஷக்காரர் எலும்பை வாயில் கவ்விக்கொண்டு ஆடுவார். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மண்டையோட்டு மாலை போட்டவள் வேறு யாராக இருக்க முடியும்? நான் "ம்" என்றேன். அவள் போனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அவளே அவ்ளோ தூரம் வந்து உக்காந்துட்டா, எனக்கு இன்னா? டிக்கெட் போடுங்க."

நான்கு வருஷம் கெஞ்சியும் கிடைக்காதது ஒரு 'ம்'மில் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்று நாள் டிக்கெட் போடக் கை வரவில்லை. என் பொய்யை நம்பி ஒருத்தி பாதி உலகத்தைத் தாண்டி வருவதா? நான்காம் நாள் உண்மையைச் சொன்னேன்.

"மிக்... இன்னா?"

"மிக்டெகாசிவாட்டில். நம்ம அம்மன் இல்ல வசந்தா. இந்த ஊர்க்காரி."

"இன்னா வேலை அவளுக்கு?"

"செத்தவங்க எலும்பைக் காவல் காக்கறா."

போச்சு, பெட்டியைக் கட்டவேண்டியது நான்தான் என்று நினைத்தேன்.

"நம்மாளு கவ்வறா, இவ காக்கறா. ஊருக்கு ஊரு பேரு மாறத்தான் செய்யும். மூணு நாளா மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருந்ததே, இதுக்குத்தானா?"

"பொய் சொல்லிட்டேன்ல?"

"சொல்லிட்டீங்க. அதான் இப்ப உண்மைய சொன்னீங்களே. டிக்கெட் போடுங்க."

வசந்தா வந்து ஆறு மாதமாகிறது. போன வாரம் சந்தையில் துலுக்கச் சாமந்தி மலைபோலக் குவிந்திருந்தது. இங்கே இறந்தவர்களுக்கு அந்தப் பூதான். கை நிறைய வாங்கிவந்து கட்டிக்கொண்டிருந்தாள். லூப்பே எட்டிப்பார்த்து, எங்கள் பூ உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

"இவங்க பூவா? வேலூர் மார்க்கெட்ல மூட்டை மூட்டையா வருதுன்னு சொல்லுங்க."

அந்தச் செடி எந்தக் காலத்திலோ இந்த மண்ணிலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தது என்று படித்திருக்கிறேன். நாம் அதற்கு வேறு தேசத்துப் பெயரை வைத்து, நம் சாமிகளுக்கெல்லாம் சாத்திவிட்டோம். இதை இரண்டு பேரிடமும் நான் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மாலையைச் சட்டத்தில் மாட்டினார்கள். "நுயெஸ்த்ரா" என்றார் லூப்பே. அதையே தமிழில் "நம்மளது" என்றாள் வசந்தா. மொழிபெயர்க்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.